எல்லை இல்லாத ஐரோப்பாவில் ஒரு லேமினேஷன்

1

நேற்று என் புதிய அட்டையை வாங்கி வந்தேன். இந்த நாட்டில் தங்குவதற்கும், பக்கத்து நாடுகளுக்குப் போய்வருவதற்கும் எனக்கு அனுமதி உண்டு என்று சொல்கிற அட்டை. ஏ.டி.எம். கார்டு அளவுதான். படத்தில் பிடிபட்ட பிக்பாக்கெட் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறேன். படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது இங்கே விதி. சிரிக்கவும் அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

கவுன்டரில் இருந்த பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இனிமேல் நீங்கள் தாராளமாகப் பயணம் செய்யலாம்" என்று ஜெர்மனில் சொன்னாள். எங்கே என்று கேட்கத் தோன்றியது. நான் போக வேண்டியிருந்த இடம் ஒன்று, நாள் ஒன்று. அந்த நாள் பதினொரு வாரத்துக்கு முன்பே போய்விட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் பிழையில்லாமல் நான் கற்றுக்கொண்ட ஜெர்மன் சொல் அது ஒன்றுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெயர் மூர்த்தி. பிறந்து வளர்ந்தது மந்தைவெளி. லிஃப்ட் மெக்கானிக். தி.நகரில் இருக்கிற பெரிய ஜவுளிக்கடைகளின் லிஃப்ட்டுகளில் பாதிக்கு ஒரு காலத்தில் நான்தான் கிரீஸ் போட்டேன். அப்புறம் ஒரு கம்பெனி என்னை ஹம்பர்க் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு அழைத்து வந்தது. மனைவி மல்லிகாவும் நாலு வயது மகள் திவ்யாவும் ஆறு மாதம் கழித்து வந்தார்கள். இப்போது திவ்யாவுக்கு இருபத்தாறு வயது. டென்மார்க்கில், கோபன்ஹேகனில் இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம்.

இந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

சென்னைக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. "ஐரோப்பாவுல பார்டரே கெடையாதாமே சார்? காலைல ஒரு நாட்டுல டிபன், மத்தியானம் இன்னொரு நாட்டுல சாப்பாடாமே?" கேட்பவர் கண்ணில் ஒரு மின்னல் இருக்கும். "ஆமாம்" என்று சொல்லிவிடுவேன். அந்த மின்னலை அணைப்பானேன்?

உண்மையைச் சொன்னால், எல்லை இல்லைதான். ஆனால் அது ஆளைப் பொறுத்தது. அந்த நாடுகளின் குடிமக்களாக இருந்தால் ஒரு அடையாள அட்டை போதும், பாஸ்போர்ட்கூட வேண்டாம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விசா. நடுவில் எங்களைப் போல ஒரு கூட்டம். வருஷக்கணக்காக இங்கேயே வேலை செய்து, வரி கட்டி, குப்பையை நாலு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட்டு வாழ்கிற வெளிநாட்டுக்காரர்கள். எங்களுக்குச் சொந்த நாட்டு பாஸ்போர்ட்டும் வேண்டும், இந்த நாட்டு அட்டையும் வேண்டும். இரண்டும் செல்லுபடியாகிற நிலையில், இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் எல்லை எங்கிருந்தோ முளைத்து வந்து முன்னால் நிற்கும்.

என் வீட்டிலேயே இரண்டு ஜாதி. மல்லிகாவும் திவ்யாவும் ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஜெர்மன் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். நான் வாங்கவில்லை. மூன்று தடவை படிவம் வாங்கி வந்தேன், மூன்றும் மேஜை டிராயரில் கிடக்கின்றன. அவர்கள் இருவரும் இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, கான்சுலேட்டில் ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். திவ்யாவின் பாஸ்போர்ட்டில் அவள் குழந்தை முகத்துக்கு எதிர்ப் பக்கத்தில் அந்த முத்திரை. அதைப் பார்த்த ஆத்திரத்தில் பதினேழு வயதுப் பெண்ணிடம், "இனிமே எங்க ஊருக்கு நீ விசா வாங்கிக்கினுதான் வரணும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "உங்க ஊருன்னா, நீங்க ஏன் இங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். நான் எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

3

நாலு வருஷத்துக்கு முன்னால் திவ்யா கோபன்ஹேகனுக்குப் போனாள். படிப்பு என்றாள், அப்புறம் வேலை என்றாள், அப்புறம் ஆண்டர்ஸ் என்றாள். ஆண்டர்ஸ் நல்ல பையன். ஆறடி உயரம், மரவேலை செய்கிறவன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், கல்யாணம் இல்லாமல். மல்லிகாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

புது வீட்டைப் பார்க்க வரச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குப் போக மனம் இல்லை. மனம் இல்லை என்று மகளிடம் சொல்லும் தைரியமும் இல்லை. "அட்டை ரினியூவலுக்குப் போயிருக்கும்மா, பேப்பர் இல்லாம பார்டர் தாண்ட முடியாது" என்றேன். அட்டை அப்போது என் பர்ஸில் இருந்தது.

அடுத்த வருஷம் அவள் பிறந்த நாளுக்குக் கூப்பிட்டாள். "பாஸ்போர்ட் கான்சுலேட்ல மாட்டிக்கிச்சு" என்றேன். பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. மூன்றாவது தடவை ஆண்டர்ஸின் அப்பா அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கும் ஏதோ ஒரு முத்திரை, ஏதோ ஒரு கையெழுத்து என்று கதை விட்டேன். மூன்று தடவையும் மல்லிகா மட்டும் போனாள். திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முருங்கைக்காய் கிடைத்ததா, குளிர் எப்படி என்று மட்டும் பேசினோம்.

புலம்பெயர்ந்தவனுக்குக் காகிதம் ஒரு வசதி. யார் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லையோ அவர்களிடம் சொல்வதற்கு அதைவிட மரியாதையான காரணம் கிடையாது. யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள், பாவம் என்பார்கள். திவ்யாவும் முதல் தடவை பாவம் என்றாள். மூன்றாவது தடவை "ஓகேப்பா" என்றாள்.

இந்த வருஷம் தொடக்கத்தில் போன் செய்தாள். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னாள். நகர மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு. பத்து நிமிஷச் சடங்கு. மேளம் இல்லை, ஐயர் இல்லை.

"ரெண்டு சாட்சி வேணும்பா. ஒண்ணு ஆண்டர்ஸோட அக்கா. இன்னொண்ணு நீங்க."

"அம்மாவப் போடச் சொல்லும்மா" என்றேன், பழக்க தோஷத்தில்.

"அம்மா வருவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் உங்களக் கேக்கறேன்."

போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றேன். மல்லிகா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்தேன். எது எப்படிப் போனாலும் இந்தக் கையெழுத்தை நான் போடுவேன்.

அந்த மாதம்தான் என் அட்டை நிஜமாகவே காலாவதியானது. சிரிக்க வேண்டாம்.

4

புது அட்டை அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை வைத்துக்கொள்ள ஒரு காகிதம் கொடுத்தார்கள். மூன்றாக மடிக்கிற காகிதம். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் முத்திரை, ஓரத்தில் வெள்ளியாக மின்னுகிற ஒரு ஸ்டிக்கர். அதன் ஜெர்மன் பெயரை அப்படியே தமிழில் போட்டால் 'கற்பனைச் சான்றிதழ்' என்று வரும். நான் இங்கே தங்க அனுமதி பெற்றிருப்பதாகச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறதாம். பழைய அட்டை, பாஸ்போர்ட், இந்தக் கற்பனை, மூன்றும் சேர்ந்தால் பயணம் போகலாம். சென்னைக்கும் போகலாம், கோபன்ஹேகனுக்கும் போகலாம்.

முதலில் சென்னைக்குப் போனேன், பெண்ணுக்குப் பட்டுப்புடவை எடுக்க. மல்லிகாவுக்கு லீவு இல்லை, நான் மட்டும்.

அபிராமபுரத்தில் என் அண்ணன் சேகர் இருக்கிறார். அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் போயிருந்த அந்த வாரம் சென்னையில் விடாத மழை. அரக்கு நிறமா மாம்பழ நிறமா என்று மல்லிகாவுக்கு வீடியோவில் காட்டிக் காட்டி, தி.நகரில் நான் ஒரு காலத்தில் கிரீஸ் போட்ட அதே லிஃப்ட்டில் ஏறி இறங்கி, கடைசியில் நானும் அண்ணனும் மாம்பழ நிறத்தில் எடுத்தோம். ஆட்டோவில் திரும்பும்போது நனைந்துபோனோம். புடவை பிளாஸ்டிக் பையில் இருந்ததால் தப்பியது. என் தோள் பையில் தண்ணீர் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கற்பனைச் சான்றிதழின் ஒரு மூலை நமுத்துப்போயிருந்தது.

அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது? அவ்ளோ பெரிய நாட்டுக்காரன் குடுத்த பேப்பரு, அப்பளம் மாரி கீது?"

"தற்காலிகம்தான்ணா. அட்டை வந்துரும்."

"வர வரைக்கும் இன்னா பண்ணுவ? இது கிழிஞ்சா நீ திரும்பிப் போவ முடியுமா?"

"முடியாது."

"அப்ப இப்புடித்தான் பையில சொருகிக்கினு திரியுவியா? நீ இன்னும் திருந்தலடா" என்று எழுந்து சட்டையை மாட்டினார்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வெள்ளம் வந்த வருஷம் அவர் ஆற்றோரம் தரைத்தளத்தில் குடியிருந்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். டிரங்குப் பெட்டிக்குள் இருந்த பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் கூழாகிப்போயின. ஒவ்வொன்றுக்கும் டூப்ளிகேட் வாங்க ஒன்றரை வருஷம் வரிசையில் நின்றார். தன் அப்பா செத்தார் என்பதை மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது அவருக்கு. அன்றிலிருந்து அவர் கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் அடுத்த நாள் அது லேமினேஷனுக்குள் இருக்கும். ரேஷன் கார்டு, கேஸ் புக்கின் முதல் பக்கம், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகூட.

மந்தைவெளியில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் அண்ணனுக்குப் பழக்கம், நடுவயதுக்காரர். காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது ஒர்ஜினலாச்சே. ஜெராக்ஸ் எடுத்து அத்த லேமினேட் பண்ணிக்குங்களேன். ஒர்ஜினல உள்ள போட்டா அப்பால பிரிக்க முடியாது. சொல்லிட்டேன்."

அண்ணன் விடவில்லை. "பிரிக்கறதுக்கா நைனா போடறோம்? போடு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னா சார், போட்ரட்டுமா?"

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர் ஆபீசர்களைப் பார்த்தவன், ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லையா என்று மல்லிகா பிறகு கேட்டாள். வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் பள்ளிக்கூட டி.சி. இன்றுவரை பிழைத்திருப்பதே லேமினேஷனால்தான். எனக்காக ஒருவர் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார் என்பதும் ஒரு காரணம். அங்கே எனக்காக யாரும் வந்து நிற்பதில்லை.

"போடுங்க" என்றேன்.

மெஷின் சூடாகி அதை மெதுவாக விழுங்கி மறுபக்கம் துப்பியது. மூன்று மடிப்பையும் விரித்துப் போட்டதால் ஓட்டல் மெனு கார்டு அளவுக்கு விறைப்பாக வந்தது. அண்ணன் அதை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இப்ப பாரு. ஆத்துல போட்டாலும் மெதக்கும்."

நடந்ததை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. இதைப் படிக்கிற அபிராமபுரத்துக்காரர்கள் யாராவது அவரைப் பார்த்தால் தயவுசெய்து நீங்களும் வாயைத் திறக்க வேண்டாம்.

5

சென்னை விமான நிலையத்தில் கவுன்டர் பெண் அதைப் பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் யாருக்கோ போன் செய்தார், விட்டார்கள். ஹம்பர்க்கில் இறங்கியபோதுதான் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த போலீஸ்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதைச் செய்தது யார்?"

"என் அண்ணன்" என்றேன்.

"எதற்கு?"

மழை, வெள்ளம், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் ஜெர்மனில் சொல்ல எனக்கு வராது. "பத்திரமாக இருப்பதற்கு" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அசல் ஆவணத்தைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் அது மாற்றம் செய்யப்பட்ட ஆவணமாம், செல்லாதாம். தடவிப் பார்க்க வேண்டிய முத்திரையைத் தடவ முடியாது, சாய்த்துப் பார்க்க வேண்டிய ஸ்டிக்கரும் தெரியாது. "கணினியில் உங்கள் பெயர் இருக்கிறது, அதனால் உள்ளே விடுகிறேன். திங்கட்கிழமையே உங்கள் ஊர் அலுவலகத்தில் வேறு வாங்கிவிடுங்கள்" என்றார்.

திங்கட்கிழமை இணையத்தில் நேரம் பதிவு செய்யப் போனேன். அலுவலகத்தில் கிடைத்த முதல் நேரம், கல்யாணம் முடிந்து பதினாறு நாள் கழித்து. நேரில் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்ற காவலாளி, "நேரம் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்றான். "அவசரம்" என்றேன். "எல்லாருக்கும் அவசரம்தான்" என்றான். அவன் சொன்னது உண்மை. எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு சிரியாக்காரி நின்றுகொண்டிருந்தாள். மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது.

இதையெல்லாம் மல்லிகாவிடம் நான் சொல்லவில்லை. திவ்யாவிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'பேப்பர் பிரச்சினை' என்று நான் வாயைத் திறந்தாலே அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மூன்று தடவை பொய் சொல்லிப் பழக்கியவன் நான். நாலாவது தடவை உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அப்புறம் நானும் உங்களைப் போல என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஐரோப்பாவில்தான் எல்லையே கிடையாதே. மல்லிகா எத்தனை தடவை போய் வந்திருக்கிறாள், ஒரு தடவைகூட யாரும் ஒன்றும் கேட்டதில்லை என்றுதானே சொன்னாள்.

6

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை விடிகாலை ரயில். மல்லிகா மடியில் புடவைப் பை. நான் கோட் போட்டிருந்தேன். கையெழுத்துப் போட ஒரு பேனா வாங்கியிருந்தேன், நல்ல பேனா. பெட்டியில் பாதிக்கு மேல் காலி. மல்லிகா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். கல்யாணப் பெண்ணின் அப்பா இட்லி தின்றுகொண்டு போகிற மாதிரிதான் போனேன்.

எல்லை தாண்டி முதல் ஸ்டேஷனில் ரயில் நின்றது. டென்மார்க் போலீஸார் மூன்று பேர் ஏறினார்கள், எப்போதாவது நடக்கிற சோதனையாம். எங்களிடம் வந்தவன் இளைஞன், செம்பட்டை முடி, முகத்தில் ஒரு கோபமும் இல்லை. மல்லிகாவின் அட்டையை அரை விநாடி பார்த்தான். என்னுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தான், காலாவதியான அட்டையைப் பார்த்தான். பிறகு நான் கோட்டுக்குள்ளிருந்து மெனு கார்டை எடுத்தேன்.

"மன்னிக்கவும், இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எனக்கு அந்த நேரத்தில் ஜெர்மனும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. "சார், ஒரு நிமிஷம் சார்" என்று தமிழில் சொன்னேன். மந்தைவெளியில் டிராஃபிக் போலீஸிடம் சொல்வது போலவே சொன்னேன். அவன் இன்னும் மரியாதையாக, இறங்கி வரும்படி கையைக் காட்டினான்.

மல்லிகா அந்த லேமினேஷனை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். "இது என்னங்க?" என்றாள். அண்ணன், மழை என்று உளறினேன். ஹம்பர்க் விமான நிலையத்தில் போலீஸ்காரர் சொன்னதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் இட்லிப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள். "தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"வேற என்ன பண்றது மல்லிகா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

ரயில் இன்னும் மூன்று நிமிஷம் நிற்கும் என்றான் அந்த இளைஞன். மல்லிகா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "நீ போ. அவளுக்குப் புடவை கட்டிவிட யார் இருக்கா?" என்றேன். அவள் என் கோட்டில் ஒட்டியிருந்த இட்லித் துணுக்கைத் தட்டிவிட்டாள். நான் இறங்கினேன். ரயில் போயிற்று.

ஸ்டேஷனை ஒட்டி ஒரு அறை. நாற்காலி, மேஜை, சூடான காபிகூடக் கொடுத்தார்கள். கத்தவில்லை, தள்ளவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கோபப்பட ஒரு இடம் கிடைத்திருக்கும். மகளின் கல்யாணம் என்று சொன்னேன். "வாழ்த்துகள்" என்றான் அந்த இளைஞன், மனதார. ஜெர்மன் பக்கம் போன் செய்து பார்த்தான். சனிக்கிழமை, எங்கள் ஊர் அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. என் பெயர் இருக்கிற கணினி அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தான். உள்ளே விட மறுப்பதற்கான காரணங்கள் வரிசையாக அச்சடித்திருந்தன, பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். 'போலியான அல்லது திருத்தப்பட்ட அனுமதி' என்று ஒரு கட்டம், 'செல்லத்தக்க அனுமதி இல்லை' என்று ஒரு கட்டம். அவன் பேனா முதல் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. என்னைப் பார்த்தான். கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த ஐம்பத்தாறு வயது ஆளைப் பார்த்தான். பேனாவைக் கீழே இறக்கி இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டான். அவனால் செய்ய முடிந்த உபகாரம் அது. கையெழுத்து எங்கே என்று காட்டினான். கல்யாணத்துக்கு வாங்கிய பேனாவால் போட்டேன்.

7

அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் முதல் ஜெர்மன் ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணி. எனக்கு எதிரே டென்மார்க் போகிற தண்டவாளம். அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். நாய்க்குட்டியோடு ஒரு கிழவர் போனார். அந்த நாய்க்கும் பாஸ்போர்ட் உண்டு இங்கே, செல்லத்தக்கதாகத்தான் இருக்கும்.

ஒருவேளை நானே இதை விரும்பினேனோ என்றும் ஒரு எண்ணம் வந்தது. கடைக்காரர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் போடுங்க என்றது எந்த மூர்த்தி? மூன்று தடவை பொய் சொன்ன அதே மூர்த்திதானோ? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதற்கு என்னிடம் சாட்சி யாரும் இல்லை.

திவ்யாவைக் கூப்பிட்டேன். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம், ஹேர் டிரையர் சத்தம்.

"அப்பா! எங்க இருக்கீங்க? ரயில் ஏறிட்டீங்கதானே?"

சொன்னேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. பேப்பர் சரியில்லையாம், பார்டரில் இறக்கிவிட்டார்களாம். ஒவ்வொரு சொல்லும் நான் முன்பே உபயோகித்துத் தேய்த்த சொல். பின்னால் ஹேர் டிரையர் நின்றது.

"மறுபடியுமாப்பா?" என்றாள்.

"இல்லம்மா, இந்தத் தடவ நெஜமாவே…"

அந்த 'இந்தத் தடவ' வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். முன்பு சொன்ன மூன்று தடவையும் என்ன என்று அவள் கேட்கவில்லை. அதெல்லாம் பொய் என்று அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியுமோ.

"அம்மா?"

"அம்மா அதே ரயில்ல வர்றாம்மா. புடவை அவகிட்ட இருக்கு."

"சரி. பரவாயில்லப்பா. லோனாவ ரெடியா இருக்கச் சொல்லி வச்சிருக்கேன். அவ கையெழுத்து போட்டுருவா."

"லோனா யாரு?"

"என் ஃபிரெண்டு. ஒருவேளை நீங்க வர முடியலன்னா இருக்கட்டும்னு, போன மாசமே சொல்லி வச்சேன்."

போன மாதம் நான் தி.நகரில் மாம்பழ நிறமா அரக்கு நிறமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் கோபப்படலாமா என்று தேடிப் பார்த்தேன், கோபம் கிடைக்கவில்லை. என்னைப் பற்றித் தெரிந்த பெண் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறாள்.

"நல்லதும்மா" என்றேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா."

"சொல்லும்மா."

"அவங்க ஏதாவது பேப்பர் குடுத்தாங்களா? திருப்பி அனுப்பினதுக்கு?"

"குடுத்தாங்க."

"அத ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

குரலில் வெறுப்பு இல்லை. அந்தச் செம்பட்டை முடிப் போலீஸ்காரனின் குரல் மாதிரியே மரியாதையான குரல்.

படிவத்தைப் பெஞ்சின் மேல் விரித்தேன். காற்றில் பறந்தது. ஒரு ஓரத்தில் பர்ஸை வைத்தேன், மறு ஓரத்தில் பாஸ்போர்ட்டை வைத்தேன். முதல் படத்தில் என் நிழல் விழுந்துவிட்டது. இந்தப் பக்கம் வந்து நின்று மறுபடி எடுத்தேன். என் பெயர், தேதி, டிக் போட்ட கட்டம், முத்திரை, நான்கும் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பினேன். அனுப்பியதும் நீல டிக் விழுந்தது. அவளும் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் போல, பதில் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

"ஓகேப்பா. இப்ப நம்பறேன்."

மணி ஒன்பதரை. அவள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.